ஏர் ஃபில்டர்: காகிதமா, கழுவிப் போடுவதா?

சேலத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் காருக்கு ஏர் ஃபில்டர் கேட்டால் இரண்டு வகை உண்டு என்பார்கள். ஒன்று காகித ஃபில்டர். சில நூறு ரூபாய்தான். அழுக்கேறியதும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். இன்னொன்று பருத்தித் துணியால் ஆனது. விலை பல ஆயிரம். ஆனால் கழுவி, எண்ணெய் பூசி, திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். "ஒரு தடவ வாங்கிட்டா வண்டி ஆயுசுக்கும் போதும், பிக்கப் ஏறும், மைலேஜும் கூடும்" என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். இந்த மூன்றில் முதலாவது ஓரளவு உண்மை. மற்ற இரண்டும் அன்றாடம் வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் போய்வரும் வண்டிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. காரணம் புரிய வேண்டுமென்றால், ஃபில்டர் அங்கே எதற்காக இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இன்ஜின் பெட்ரோலை மட்டும் குடிப்பதில்லை, அதைவிடப் பல மடங்கு காற்றைக் குடிக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்குள் ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று இன்ஜினுக்குள் போய்விடுகிறது. 35 லிட்டர் டேங்க் காலியாகும்போது மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் காற்று ஃபில்டர் வழியாகப் போயிருக்கும். அத்தனை காற்றிலும் கலந்திருக்கும் தூசியை வாசலிலேயே நிறுத்துவதுதான் ஃபில்டரின் வேலை. பிக்கப், மைலேஜ் எல்லாம் அதற்கு அப்புறம் வரும் பேச்சு.

தூசி என்றதும் சேலத்துக்காரர்களுக்கு மாமாங்கம், கருப்பூர் பக்கத்து வெள்ளைத் தூசிதான் நினைவுக்கு வரும். மேக்னசைட் சுரங்கம் இருக்கும் இடம்; சாலையோர இலைகளில்கூட வெள்ளையாகப் படிந்திருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் மேக்னசைட் அவ்வளவு கடினமான கனிமம் இல்லை. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 4-ஐ ஒட்டித்தான் வரும். இன்ஜினை உண்மையில் தின்பது சாதாரண மண்தூசியிலும் மணலிலும் இருக்கும் குவார்ட்ஸ். அதே அளவுகோலில் அது 7. சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட் வகை; குவார்ட்ஸும், அதற்குச் சற்றே குறைந்த கடினமுள்ள ஃபெல்ட்ஸ்பாரும் அதில் உண்டு. கல் குவாரி, எம்-சாண்ட் ஆலை, ஜல்லி லாரி, பாதி போட்டு நிற்கும் சாலை என்று எங்கெல்லாம் பாறையும் மண்ணும் பொடியாகின்றனவோ, அங்கெல்லாம் பறப்பது இந்தக் கடினமான தூசிதான். நிறம் வெளுப்பாகத் தெரியாததால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

உள்ளே போன தூசி என்ன செய்யும்? சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. சில மைக்ரான் தடிமன்தான். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரானைச் சுற்றி என்றால் அது எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 5 முதல் 20 மைக்ரான் வரையிலான தூசி இந்த இடைவெளியில் சிக்கி, உலோகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற பெரிய மணலைவிட, கண்ணில் படாத இந்தப் பொடிதான் ஆபத்து. தேய்மானம் ஒரே நாளில் தெரியாது. பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வண்டி ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும், கம்ப்ரஷன் குறையும். பட்டறையில் "ரிங் போயிடுச்சு" என்பார்கள். அந்தச் செலவுக்கு முன்னால் எந்த ஃபில்டரின் விலையும் பெரிதில்லை.

காகித ஃபில்டர் என்றதும் நோட்டுத் தாளை நினைக்க வேண்டாம். மரக்கூழ் இழைகளைப் பிசினில் ஊறவைத்துப் பதப்படுத்திய கெட்டியான தாள் அது. சிறிய பெட்டிக்குள் அதிகப் பரப்பு அடங்க வேண்டும் என்பதற்காக நெருக்கமாக மடிப்பு மடிப்பாக வைத்திருப்பார்கள். விரித்துப் பார்த்தால் வெளியே தெரிவதைப் போலப் பல மடங்கு பரப்பு இருக்கும். இந்தத் தாள் வெறும் சல்லடை அல்ல. ஓட்டையைவிடப் பெரியதை நிறுத்தி, சிறியதை விட்டுவிடும் வேலையை மட்டும் செய்வதில்லை. அடர்ந்த முட்புதருக்குள் காற்று புகுந்து போவதை நினைத்துப் பாருங்கள். காற்று வளைந்து நெளிந்து போய்விடும். அதோடு வரும் சருகும் பஞ்சும் கிளையில் மோதிச் சிக்கிக்கொள்ளும். தாளின் இழைகளுக்கு நடுவே தூசிக்கும் அதுதான் நடக்கிறது.

இதனால் பலரும் எதிர்பார்க்காத ஒன்று நிகழ்கிறது. சிக்கிய தூசியே அடுத்து வரும் தூசியைப் பிடிக்கும் இன்னொரு அடுக்காக மாறிவிடுகிறது. அதாவது, புத்தம் புதிய ஃபில்டர்தான் இருப்பதிலேயே கொஞ்சம் அதிகமாகத் தூசியை விடும். ஓட ஓட அது இன்னும் நன்றாக வடிகட்டும். ஒரு கட்டத்துக்குப் பிறகு காற்று போவதே சிரமமாகும்போதுதான் மாற்ற வேண்டிய நேரம் வருகிறது. ஆகவே தாள் பழுப்பாகிவிட்டது என்பதற்காக ஃபில்டர் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் பொருள்.

இதைப் புரிந்துகொண்டால், ஒவ்வொரு சர்வீஸிலும், சில சமயம் சர்வீஸே இல்லாமலும், ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டி, கம்ப்ரஸரில் ஏர் அடித்து மாட்டும் பழக்கம் ஏன் நல்லதில்லை என்பதும் புரியும். ஒவ்வொரு தடவையும் நன்றாக வடிகட்டும் நிலைக்கு வந்த ஃபில்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகிறோம். அதைவிட மோசம், டயருக்கு அடிக்கும் வேகத்தில் மிக அருகில் வைத்து அடித்தால் தாளில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் விழும். வெளியிலிருந்து உள்பக்கமாக அடித்தால் தூசி சுத்தமான பக்கத்துக்கே போய்விடும். வண்டியின் கையேடு சுத்தம் செய்யச் சொல்லியிருந்தால் செய்யலாம். அப்போதும் குறைந்த அழுத்தத்தில், தள்ளிப் பிடித்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக மட்டும் அடிக்க வேண்டும். பிறகு வெயிலிலோ டார்ச் வெளிச்சத்திலோ தூக்கிப் பிடித்துப் பாருங்கள். எங்காவது புள்ளியாக வெளிச்சம் வந்தால் அந்த ஃபில்டர் முடிந்தது.

சரி, கழுவிப் போடும் வகைக்கு வருவோம். இதில் பெயர் பெற்றது அமெரிக்காவின் கே அண்ட் என். 1969-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் தொடங்கிய நிறுவனம். மோட்டார் சைக்கிள் பந்தய உலகத்தோடு சேர்ந்து வளர்ந்தது. பருத்தி வலைத்துணியைப் பல அடுக்காக வைத்து, இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியக் கம்பிவலை கொடுத்து மடித்திருப்பார்கள். துணியின் துளைகள் காகிதத்தைவிடப் பெரியவை. தூசியைப் பிடிப்பது துணியைவிட அதில் ஊறியிருக்கும் பிசுபிசுப்பான எண்ணெய்தான். எண்ணெய் காய்ந்துபோனாலோ பூசாமல் விட்டாலோ அது ஃபில்டரே இல்லை, வெறும் வலை. இதுபோக, எண்ணெய் தேவைப்படாத செயற்கை இழை ஃபில்டர்களும் கழுவிப் போடும் வகையில் உண்டு.

பந்தய வண்டிக்கு இது ஏன் பொருந்துகிறது என்று யோசித்துப் பார்த்தால் நம் வண்டிக்கு ஏன் தேவைப்படவில்லை என்பது தெரிந்துவிடும். பந்தயத்தில் ஆக்ஸிலேட்டர் பெரும்பாலும் முழுவதுமாகத் திறந்தே இருக்கும். அங்கே ஒவ்வொரு துளி காற்றும் கணக்கு. இன்ஜினையும் அடிக்கடி பிரித்துப் புதுப்பிப்பார்கள். நாம் ஐந்து ரோட்டு சிக்னலிலிருந்து அஸ்தம்பட்டி வரை ஓட்டும்போது ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம்? பெட்ரோல் இன்ஜினில் த்ரோட்டில் என்ற கதவு பாதிக்கு மேல் மூடியே கிடக்கிறது. காற்றை மறிப்பது அந்தக் கதவு. அதற்கு முன்னால் ஃபில்டர் இன்னும் கொஞ்சம் தாராளமாகக் காற்று விட்டாலும் விடாவிட்டாலும் வித்தியாசம் தெரியாது.

மைலேஜுக்கும் இதே பதில்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் கார்களின் ஏர் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்துச் சோதித்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீய்ச்சும் புதிய வகைக் கார்களில், ஃபில்டர் அடைத்திருந்தபோதும் மைலேஜ் குறையவில்லை. முழு வேகத்தில் முடுக்கும்போது மட்டும் 6 முதல் 11 சதவீதம் வரை சுணக்கம் தெரிந்தது. கம்ப்யூட்டர் இல்லாமல் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்ரேட்டர் வைத்த பழைய காரில்தான் மைலேஜும் 2 முதல் 6 சதவீதம் வரை அடிவாங்கியது. காரணம் எளிது. எவ்வளவு காற்று வருகிறதோ அதற்கேற்ற அளவு பெட்ரோலைத்தான் புதிய வண்டியின் கம்ப்யூட்டர் விடும். நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற வாகனப் புகை விதி வந்த பிறகு இரு சக்கர வண்டிகளிலும் கார்ப்ரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அடைத்துப்போன ஃபில்டரே மைலேஜைக் குறைக்காதபோது, நல்ல காகித ஃபில்டரை எடுத்துவிட்டுத் துணி ஃபில்டர் போட்டால் மைலேஜ் எங்கிருந்து கூடும்?

ஏற்காடு ஏறும்போது வண்டி இழுக்கவில்லை என்று ஃபில்டரைக் குறை சொல்பவர்களும் உண்டு. அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. மேலே காற்றின் அடர்த்தியே சேலத்தைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜினின் பலமும் அந்த அளவுக்குக் குறையும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபில்டரும் மலையில் இல்லாத காற்றைக் கொண்டுவர முடியாது. ஒரு கியர் குறைத்து ஏறுவதுதான் வழி.

இப்போது முக்கியமான விஷயம். எண்ணெய்ப் பருத்தி ஃபில்டர் 97 முதல் 99 சதவீதம் வரை தூசியைப் பிடிக்கும் என்று சொல்லப்படுகிறது. நல்ல காகித ஃபில்டர் 99-ஐத் தாண்டும். 97-க்கும் 99-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். பரீட்சை மதிப்பெண் போலப் படித்தால் இரண்டுமே முதல் வகுப்பு. ஆனால் இன்ஜினுக்குக் கவலை பிடிபட்ட தூசியைப் பற்றி இல்லை, தப்பி உள்ளே வந்ததைப் பற்றித்தான். 100 கிராம் தூசி வந்தால் ஒன்று 1 கிராமை விடுகிறது, மற்றொன்று 3 கிராமை விடுகிறது. மூன்று மடங்கு! குறைந்த தூசியுள்ள ஊரில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். சங்ககிரி, ஓமலூர் பக்கம் லாரிகளுக்குப் பின்னாலேயே தினமும் ஓட்டுகிறவருக்கு அப்படியில்லை. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: ஃபில்டர் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி எவ்வளவு காற்று விடும் என்பதல்ல, எவ்வளவு தூசியை விடும் என்பதுதான். இதை அளக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சர்வதேசச் சோதனை முறையே இருக்கிறது. குறிப்பிட்ட தூசியைக் குறிப்பிட்ட காற்றோட்டத்தில் செலுத்தி, எவ்வளவு பிடித்தது, எவ்வளவு தாங்கியது என்று எடை போடுவார்கள். பெட்டியில் காற்றோட்டத்தைப் பற்றி மட்டும் பெரிதாகப் போட்டு, இந்த எண்ணைப் போடாத ஃபில்டரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கழுவும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் அதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதற்கென்று விற்கும் கிளீனரை இரண்டு பக்கமும் தெளித்துச் சுமார் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். பிறகு சுத்தமான பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குழாயில் மெதுவாக வரும் தண்ணீரில் அலச வேண்டும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கூடாது. பிறகு நிழலில் தானாகக் காய வேண்டும். ஏர் அடிக்கவோ சூடு காட்டவோ கூடாது. சேலத்து வெயில் காலத்தில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஏற்காட்டில் மூடுபனிக் காலத்தில் அவ்வளவு சுலபமில்லை, வண்டி அதுவரை நிற்க வேண்டியதுதான். காய்ந்த பிறகு ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெயை அளவாகப் பூசி, துணி முழுவதும் பரவ நேரம் கொடுக்க வேண்டும். குறைத்துப் பூசினால் தூசி உள்ளே போகும். அதிகமாகப் பூசினால் எண்ணெய் காற்றோடு போய், உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரின் மெல்லிய சூட்டுக் கம்பியில் படியும். டீசல் கார்கள் பலவற்றில் இந்தச் சென்சார் உண்டு. அழுக்குப் படிந்தால் கணக்குத் தப்பும், வண்டி சீராக ஓடாது. கழுவிய எண்ணெய்த் தண்ணீரைச் சாக்கடையிலோ தோட்டத்து மண்ணிலோ ஊற்றுவதும் சரியில்லை. காபித் தோட்டமும் ஓடையும் இருக்கிற மலையில் இதைக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். கழுவிப் போடுவதால் குப்பை குறையும் என்பது உண்மைதான். ஆனால் கழிவு அடியோடு இல்லாமல் போய்விடுவதில்லை.

பணக் கணக்கு பார்க்கலாம். காகித ஃபில்டர் 400 ரூபாய், நம் ஊர்த் தூசிக்காக 15,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பல கார்களின் கையேட்டில் இதைவிட நீண்ட இடைவெளிதான் இருக்கும். தூசியான சாலைக்கு முன்னதாகவே மாற்றுங்கள் என்ற குறிப்பும் கூடவே இருக்கும். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் பத்து ஆண்டில் எட்டு ஃபில்டர், 3,200 ரூபாய். துணி ஃபில்டர் 5,000, கிளீனரும் எண்ணெயும் 1,500 என்றால் 6,500 ரூபாய். பத்து ஆண்டு ஓட்டியும் போட்ட பணத்தில் பாதிதான் திரும்பியிருக்கும். ஆண்டுக்கு 60,000 ஓட்டும் டாக்ஸிக்காரருக்குக் கணக்கு மாறும்: ஆண்டுக்கு நான்கு ஃபில்டர், 1,600 ரூபாய், நான்கு ஆண்டில் சமமாகிவிடும். ஆனால் அவர்தான் வண்டியை ஒரு நாள் நிறுத்தி ஃபில்டர் காய வைக்க முடியாதவர். இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் சரிவரும், செலவு இரட்டிப்பாகும். உங்கள் கடை விலையைப் போட்டு இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

கழுவிப் போடும் ஃபில்டரே தவறு என்று சொல்ல வரவில்லை. நம் பக்கத்து உழவர்கள் பல காலமாக அதைத்தான் வைத்திருக்கிறார்கள். டிராக்டரில் இருக்கும் ஆயில் பாத் ஃபில்டர் அந்த வகைதான். காற்று எண்ணெய்த் தொட்டியின் மேல் திரும்பும்போது கனமான தூசி எண்ணெயில் விழும்; மிச்சம் நனைந்த கம்பி வலையில் ஒட்டும். சேறாகிப்போன எண்ணெயைக் கொட்டிக் கழுவிப் புதிது ஊற்றினால் முடிந்தது. புழுதி உழவில் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறவரின் டிராக்டர் நீண்ட காலம் உழைக்கிறது. அந்த ஒழுங்கு உங்களிடம் இருந்தால், வண்டியைப் பல ஆண்டு வைத்துக்கொள்ளும் எண்ணமும் இருந்தால், தூசி பிடிக்கும் திறனை வெளிப்படையாகச் சொல்லும் துணி ஃபில்டரைத் தாராளமாக வாங்கலாம். வாரண்டி இருக்கும் வண்டி என்றால் அதன் நிபந்தனைகளை ஒரு தடவை படித்துவிடுங்கள். கழுவுவதை இன்னொருவரிடம் விட்டுவிடுகிறவருக்குக் காகிதமே பாதுகாப்பு; அதில் தவறு செய்யக் குறைந்த வாய்ப்புதான் இருக்கிறது.

பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பழைய பைக்குகள் சிலவற்றில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கும். அதைக் கழுவி, கையேட்டில் சொன்ன எண்ணெயில் நனைத்து, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து மாட்டலாம். பல ஸ்கூட்டர்களில் இருப்பதோ எண்ணெய்ப் பசை ஏற்றிய காகிதம். தொட்டால் பிசுக்கென்று இருக்கும். அதைக் கழுவவும் கூடாது, ஏர் அடிக்கவும் கூடாது. அந்தப் பசைதான் தூசியைப் பிடிக்கிறது. ஈரமாக இருக்கிறதே என்று நல்ல எண்ணத்தில் ஏர் அடித்துக் காயவைத்து மாட்டினால் ஃபில்டர் போய்விட்டது. கிலோமீட்டர் வந்ததும் மாற்றுவது ஒன்றே வழி. எந்தக் காகித ஃபில்டராக இருந்தாலும், மழையிலோ வாட்டர் வாஷிலோ முழுக்க நனைந்துவிட்டால் காயவைத்துப் போடாமல் மாற்றிவிடுங்கள். ஊறிய தாள் தளர்ந்து கிழியும்.

எந்த வகையாக இருந்தாலும், அது உட்காரும் பெட்டி சரியாக மூடாவிட்டால் எல்லாம் வீண். காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். ஒரு கிளிப் உடைந்திருந்தாலோ, ஃபில்டரின் ரப்பர் விளிம்பு மடங்கியிருந்தாலோ, மலிவான டூப்ளிகேட் ஃபில்டர் அரை மில்லிமீட்டர் சிறியதாக இருந்தாலோ, தூசி ஃபில்டரைத் தொடாமலே பக்கவாட்டில் போய்விடும். சோதிப்பது எளிது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபில்டரைக் கழற்றுங்கள். பெட்டியின் சுத்தமான பக்கத்தில், அதாவது ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தில், சுத்தமான வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு வருவது இயல்பு. மண் நிறத்தில் நறநறவென்று ஏதாவது வந்தால், ஃபில்டர் மாற்றுவதற்கு முன்னால் அந்த ரப்பரையும் கிளிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். தூசி விளிம்பில் ஒரே இடத்தில் கோடு போட்டிருந்தால் ஓட்டை அங்கேதான்.